'சும்மா' பின்னினது

எங்கட வீடுகளில ரீவிக்கு மேல, கதிரையின் முதுகில, சாமித்தட்டில என்று எங்கேயாவது ஒரு வெள்ளைக் குறோசே விரிப்பு இருந்திருக்கும். யார் பின்னினது என்று கேட்டால், "அம்மம்மா சும்மா இருக்கிற நேரத்தில பின்னினவ" என்பார்கள். அந்தச் 'சும்மா'வோடதான் எங்களுக்குப் பிரச்சினை.

போன வருடம் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு கட்டில் விரிப்புப் பின்னினோம். யூடியூப் பார்த்துப் பழகின கைகள்தான். 120 சதுரங்கள், ஒன்றுக்கு 25 நிமிடம். அதுவே 50 மணித்தியாலம். எல்லாவற்றையும் பொருத்தி முடிக்க இன்னும் 10. நூலுக்கு 4,500 ரூபாய். கம்பஸில் நடந்த ஒரு சின்னச் சந்தையில் 9,000 ரூபாய் என்று எழுதி வைத்தோம். வந்தவர்கள் தொட்டுப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். "வடிவாத்தான் இருக்கு பிள்ளையள், ஆனா வெறும் நூல்தானே, ஏன் இவ்வளவு விலை?" கடைசியில் 7,000 ரூபாய்க்குக் கொடுத்தோம். கணக்குப் பார்த்தால் எங்கள் உழைப்புக்கு மணித்தியாலத்துக்கு 42 ரூபாய்கூட வரவில்லை.

வாங்கின அக்காவில் பிழை சொல்ல மாட்டோம். நாங்களும் பேரம் பேசுகிற ஆட்கள்தான். ஆனால் ஒரு விசயம் யோசிக்க வேண்டும். ஸ்வெட்டர் போன்றவற்றை இயந்திரம் பின்னும். குறோசே அப்படியில்லை. அதை அப்படியே பின்னித் தருகிற இயந்திரம் தொழிற்சாலைப் பாவனையில் இன்னும் இல்லை. அப்படியென்றால், கடையில் மலிவாகத் தொங்குகிற உண்மையான குறோசே மேற்சட்டையையும் யாரோ ஒருத்தர் கையால்தான் பின்னியிருக்கிறார். அவருக்கு எவ்வளவு கிடைத்திருக்கும்?

நேரத்தைக் கணக்குப் பார்க்கத் தெரியாத நாடும் இல்லை இது. 1978இல் கட்டுநாயக்காவில் வர்த்தக வலயம் தொடங்கினதிலிருந்து எங்கட பெண்கள் கார்மென்ற்ஸில் தைக்கிறார்கள். அங்கே கொலர் வைக்க இத்தனை நிமிடம், கை பொருத்த இத்தனை நிமிடம் என்று கணக்கு இருக்கிறது. அது அவர்களைப் பிழியத்தான் பெரும்பாலும் உதவுகிறது, அது வேறு கதை. ஆனால் அதே பெண் வீட்டில் இருந்து பின்னினால், அந்த நேரம் ஒருவர் கணக்கிலும் இல்லை.

துண்டுத்துணிக்கும் இதே கதைதான். தையற்கடையில் வெட்டிக் கழித்த துண்டுகளைப் பொருத்தி அம்மம்மாக்கள் போர்வை தைத்தால், "கழிவுத்துணிதானே" என்பார்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்றொரு ஊர் இருக்கிறது. அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், பழைய வேலை உடுப்புகளைக் கிழித்து, குளிருக்குப் போர்வை தைத்தார்கள். அந்தப் பகுதிப் பெண்கள் 1966இல் ஒரு கூட்டுறவு தொடங்கி, சேர்ந்து தைத்து விற்றார்கள். 2002இல் கீஸ் பெண்ட் போர்வைகள் நியூயோர்க்கில் பெரிய அருங்காட்சியகச் சுவரில் ஓவியம் மாதிரித் தொங்கின. அதுவும் கழிவுத்துணிதான்.

"விலை கூட்டினா ஆர் வாங்குவினம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எங்கட சனத்திட்டையும் காசில்லை. ஆனால் சுயதொழில் என்று சொல்லிப் பெண்களுக்குப் பின்னல் பழக்குகிறவர்கள், விலை போடுகிற கணக்கையும் சேர்த்துப் பழக்க வேண்டும். தனித்தனியாக இருந்து விலை குறைக்கிறதை விட, சேர்ந்து ஒரு விலைக்குக் கீழே கொடுப்பதில்லை என்று நிற்கலாம். அதுவும் சரிவராவிட்டால் விற்காமல் வீட்டுக்கே வைத்திருக்கலாம். 42 ரூபாய்க்குக் கண்ணைக் கெடுப்பதை விட அது மேல்.

அடுத்த முறை நாங்கள் விலைக்குப் பக்கத்தில் '60 மணித்தியாலம்' என்றும் எழுதப்போகிறோம். நீங்களும் வீட்டுக்குப் போனால், ரீவிக்கு மேல கிடக்கிற அந்த விரிப்பைக் காட்டி, எத்தனை நாள் எடுத்தது என்று அம்மம்மாவிடம் ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ.