கொழுப்பு மாத்திரையும் பக்கவிளைவும்: நிலைப்பாட்டு அறிக்கை

எதைப் பற்றி இந்த அறிக்கை

மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவர்கள், பக்கவாதத்திலிருந்து மீண்டவர்கள், நாற்பதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிகள் எனத் தமிழ்நாட்டில் ஏராளமானோருக்கு ஸ்டாட்டின் வகை மருந்து எழுதித் தரப்படுகிறது. அட்டையில் அட்டோர்வாஸ்டாட்டின் என்றோ ரோசுவாஸ்டாட்டின் என்றோ அச்சிட்டிருக்கும். வீட்டில் அதற்குப் பெயர் கொழுப்பு மாத்திரை. தொடங்கிய சில வாரங்களில் தொடை கடுக்கிறது, கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, படியேறக் கால் எழவில்லை என்று சிலர் வந்து சொல்கிறார்கள். வேறு சிலர் யாரிடமும் சொல்லாமலே மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். அடுத்த முறை மருத்துவர் கேட்டால், "சாப்பிட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்கிறார்கள்.

இதயநோயாளிகளும் குடும்ப மருத்துவர்களும் மருந்தாளுநர்களும் சேர்ந்து நடத்தும் எங்கள் சங்கத்துக்கு அடிக்கடி வரும் கேள்வி இது: பக்கவிளைவு என்று தோன்றினால் மாத்திரையை நிறுத்துவதா, பொறுத்துக்கொண்டு தொடர்வதா? நிறுத்தலாம் என்பதே எங்கள் பதில். ஆனால் மருத்துவருக்குத் தெரிந்து, தேதி குறித்து, மீண்டும் தொடங்கும் நாளையும் முடிவு செய்துகொண்டு நிறுத்த வேண்டும்.

எங்கள் நிலைப்பாடு

1. ஸ்டாட்டின் தொடங்கிய பின் வலி வந்ததாக நோயாளி சொன்னால், மருத்துவர் அதை உண்மை என்று ஏற்று விசாரிக்க வேண்டும். "எல்லாம் மனப்பிரமை" என்று அனுப்பிவிடக் கூடாது.

2. வலிக்குக் காரணம் மாத்திரைதானா என்பதைத் திட்டமிட்டு நிறுத்தி, மீண்டும் தொடங்கிப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

3. குறைந்தது இரண்டு ஸ்டாட்டின்களை, அவற்றில் ஒன்றையாவது மிகக் குறைந்த அளவில், கொடுத்துப் பார்க்காமல் "ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளாதவர்" என்று சீட்டில் எழுதக் கூடாது. கடுமையான தசைச் சிதைவு ஏற்பட்டவர்கள் மட்டும் இதற்கு விலக்கு.

4. உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மாற்று மருந்து தர வேண்டும். கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் குறையாமல் அவர்களை அப்படியே விட்டுவிடக் கூடாது.

5. இதயநோயே வராத, அபாயமும் குறைவாக உள்ள ஒருவர், லாப நஷ்டங்களைக் கேட்டறிந்த பின் மாத்திரை வேண்டாம் என்றால், அந்த முடிவை மதிக்க வேண்டும்.

லாபம் எவ்வளவு, நஷ்டம் எவ்வளவு

ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ 1973-இல் ஒரு பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டாட்டினைக் கண்டெடுத்தார். 1987-இல் லோவாஸ்டாட்டின் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. 1994-இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வு, இதயநோயுள்ள 4,444 பேரை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்தது. சிம்வாஸ்டாட்டின் எடுத்தவர்களிடையே இறப்பு 30 சதவீதம் குறைந்திருந்தது. ஸ்டாட்டின் கொடுப்பதா என்ற விவாதம், ஏற்கெனவே இதயநோய் வந்தவர்களைப் பொறுத்தவரை, ஏறக்குறைய அத்துடன் முடிந்தது.

பக்கவிளைவுகளும் கட்டுக்கதை அல்ல. செரிவாஸ்டாட்டின் என்ற மருந்து, தசை சிதைந்து சிறுநீரகம் செயலிழந்த மரணங்களுக்குப் பிறகு 2001 ஆகஸ்டில் உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. சிம்வாஸ்டாட்டின் 80 மில்லிகிராமைப் புதிதாக யாருக்கும் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-இல் அறிவித்தது.

இரண்டையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்க 2016-இல் லான்செட் இதழில் வந்த மதிப்பாய்வு உதவும். அட்டோர்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராம் போன்ற வீரியமான சிகிச்சையை 10,000 பேர் ஐந்து ஆண்டுகள் எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். அவர்கள் ஏற்கெனவே இதயநோய் உள்ளவர்கள் என்றால் சுமார் 1,000 பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரும் பாதிப்புகள் தவிர்க்கப்படும். அபாயம் மட்டுமே உள்ளவர்கள் என்றால் சுமார் 500 பேருக்கு. பதிலுக்கு, ஏறக்குறைய 5 பேருக்குக் கடும் தசைநோயும், 50 முதல் 100 பேருக்குப் புதிதாகச் சர்க்கரை நோயும், 5 முதல் 10 பேருக்கு மூளை ரத்தக்கசிவும் வரக்கூடும். ரத்தக்கசிவைக் கழித்துப் பார்த்தாலும் பக்கவாதம் மொத்தத்தில் குறையவே செய்கிறது. சர்க்கரை ஏறுவது பெரும்பாலும் முன்பே எல்லைக்கோட்டருகே நின்றவர்களுக்குத்தான். எங்கள் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது நிலைப்பாடுகள் இந்தக் கணக்கின் மேல் நிற்பவை.

வலி எங்கிருந்து வருகிறது

லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள், பக்கவிளைவால் ஸ்டாட்டினைக் கைவிட்ட 60 பேரை அழைத்து ஓராண்டு கவனித்து, முடிவுகளை 2020-இல் வெளியிட்டார்கள். நான்கு மாதம் அட்டோர்வாஸ்டாட்டின், நான்கு மாதம் அதே தோற்றத்தில் மருந்தில்லாத மாத்திரை, நான்கு மாதம் வெறும் குப்பி என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். எந்த மாத்திரை எது என்று உண்பவருக்குத் தெரியாது. தொந்தரவுக்கு நூற்றுக்கு எத்தனை மதிப்பெண் என்று தினமும் குறித்துவந்தார்கள். வெறும் குப்பி மாதங்களில் சராசரி 8. மருந்தில்லாத மாத்திரைக்கு 15.4, ஸ்டாட்டினுக்கு 16.3. தொந்தரவின் பெரும்பகுதி மாத்திரை உண்கிறோம் என்பதாலேயே வந்தது. இதை மருத்துவம் நோசீபோ விளைவு என்கிறது. முடிவைப் பார்த்த பிறகு அவர்களில் பாதிப் பேர் மீண்டும் ஸ்டாட்டினைத் தொடங்கினார்கள்.

2022-இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் ஏறக்குறைய 1,24,000 பேரின் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். தசை வலி சொன்னவர்கள் ஸ்டாட்டின் குழுவில் 27.1 சதவீதம், மருந்தில்லாத குழுவில் 26.6 சதவீதம். ஸ்டாட்டினால் கூடுதலாக வலி வந்தது முதல் ஆண்டில் ஆயிரத்துக்கு 11 பேருக்கு. அதன் பிறகு இரு குழுக்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

இந்த எண்களை நோயாளியின் வாயை அடைக்கப் பயன்படுத்துவதை நாங்கள் ஏற்கவில்லை. மருந்தில்லாத மாத்திரை உண்டவரின் கால்வலியும் வலிதான். அவருடைய தூக்கமும் கெட்டுத்தான் போயிற்று. மேலும், அந்த ஆயிரத்தில் 11 பேரில் ஒருவர் நம் முன்னால் உட்கார்ந்திருக்கலாம். சராசரியைக் கொண்டு தனிமனிதரைத் தீர்மானிக்க முடியாது. அதனால்தான் நிறுத்திப் பார்த்துத் தொடங்கும் சோதனையை நாங்கள் வலியுறுத்துகிறோம். தன் உடலில் மாத்திரை என்ன செய்கிறது என்பதை நோயாளி தானே கண்டறிய அதுதான் வழி.

நம் ஊருக்குரிய சில செய்திகள்

மேற்கண்ட ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் மேலை நாட்டவர். சிங்கப்பூரில் நடந்த ஓர் ஆய்வில், ஒரே அளவு ரோசுவாஸ்டாட்டின் உண்டபோது அங்குள்ள சீனர், மலாய்க்காரர், இந்தியரின் ரத்தத்தில் வெள்ளையரைவிட ஏறக்குறைய இருமடங்கு வரை மருந்து சேர்ந்தது தெரியவந்தது. 2005-இல் அமெரிக்காவில் இம்மருந்தின் குறிப்பேடு திருத்தப்பட்டு, ஆசியர்களுக்கு 5 மில்லிகிராமில் தொடங்கலாம் என்று சேர்க்கப்பட்டது. பெரிய அளவில் தொடங்கித் தொந்தரவுக்கு ஆளானவர்களுக்கு அளவைக் குறைத்தாலே பலன் கிடைக்கலாம்.

அடுத்தது கூட்டு மாத்திரை. அட்டோர்வாஸ்டாட்டின், ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் மூன்றும் ஒரே கேப்சூலில் அடங்கிய மருந்துகள் இந்தியாவில் பரவலாக விற்கின்றன. "கொழுப்பு மாத்திரையை விட்டுட்டேன்" என்று சொல்பவர், ஸ்டென்டில் ரத்தம் உறையாமல் காக்கும் மருந்தையும் தெரியாமல் நிறுத்தியிருப்பார். ஸ்டென்ட் வைத்த முதல் ஆண்டில் இது உயிருக்கே ஆபத்து. இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு: இரண்டு மருத்துவர்கள் இரண்டு வணிகப் பெயர்களில் ஒரே ஸ்டாட்டினை எழுதியிருக்க, நோயாளி இரட்டிப்பு அளவு உண்டுகொண்டிருப்பார்.

மூன்றாவது, உடன் சேரும் மருந்துகள். படர்தாமரைக்கு வாரக்கணக்கில் தரப்படும் இட்ராகோனசோல், சளிக்கும் காய்ச்சலுக்கும் தரப்படும் கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் ஆகியவை சிம்வாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். தோல் மருத்துவரிடம் இதய மாத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று பலருக்குத் தோன்றுவதில்லை.

நான்காவது, வலிக்கு வேறு காரணங்கள். தைராய்டு குறைவு, வைட்டமின் டி பற்றாக்குறை, சிக்குன்குனியாவுக்குப் பின் நீடிக்கும் மூட்டுவலி, முழங்கால் தேய்மானம் எல்லாம் ஸ்டாட்டின் கணக்கில் எழுதப்படுகின்றன. மருந்தால் வரும் வலி பொதுவாக இருபுறமும் வரும். தொடை, இடுப்பு, கெண்டைக்கால் போன்ற பெரிய தசைகளைப் பிடிக்கும். தொடங்கிய அல்லது அளவைக் கூட்டிய முதல் சில வாரங்களில் தோன்றும். நிறுத்தினால் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் குறையும். ஒரு பக்கம் மட்டும் வலித்தாலோ மூட்டில் வலித்தாலோ வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

மருத்துவர்களுக்கு எங்கள் பரிந்துரை

மாத்திரையை எழுதும்போதே பக்கவிளைவு பற்றி இரண்டு நிமிடம் பேசுங்கள். பலருக்குத் தொந்தரவு வராது, வந்தால் மாற்று உண்டு, என்னிடம் சொல்லாமல் நிறுத்தாதீர்கள் என்ற மூன்று செய்திகள் போதும்.

வலி என்று வந்தவருக்கு, உண்ணும் எல்லா மருந்துகளையும் சரிபார்த்து, தைராய்டு பரிசோதனையும் தசை நொதியான சிகே பரிசோதனையும் எடுங்கள். முந்தின நாள் மூட்டை தூக்கியவருக்கும், வயலில் குனிந்து நாள் முழுக்க நாற்று நட்டவருக்கும் சிகே இயல்பாகவே ஏறியிருக்கும். ஓய்வுக்குப் பின் மீண்டும் பாருங்கள். சிகே இயல்பு உச்சத்தைப் போல் பத்து மடங்கு தாண்டினால் உடனே நிறுத்திச் சிறுநீரகத்தைக் கவனியுங்கள். நான்கு மடங்குக்குள் இருந்து வலி தாளவில்லை என்றால் இரண்டு முதல் நான்கு வாரம் நிறுத்துங்கள்.

வலி போகாவிட்டால் காரணம் வேறு. மாத்திரையைத் திரும்பத் தொடங்கலாம். போனால், குறைந்த அளவிலோ வேறு ஸ்டாட்டினிலோ தொடங்குங்கள். அட்டோர்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் உடலில் நெடுநேரம் தங்குபவை என்பதால், தினமும் தாங்காதவருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தருவதும் நடைமுறையில் உள்ள வழியே.

அப்படியும் முடியாதவர்களுக்கு எசெட்டிமைப் தனியாகவே எல்டிஎல்லைச் சுமார் 18 சதவீதம் குறைக்கும். பெம்பெடோயிக் அமிலம் ஈரலில்தான் செயலூக்கம் பெறுகிறது, தசையில் பெறுவதில்லை. ஸ்டாட்டின் ஏற்க முடியாத 13,970 பேரிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில் அது பெரும் இதய பாதிப்புகளை 13 சதவீதம் குறைத்தது; யூரிக் அமிலம் அதிகம் உள்ளவர்களுக்கு மட்டும் எச்சரிக்கை தேவை. பிசிஎஸ்கே9 ஊசிகள் வீரியமானவை, விலையும் அப்படியே. கோஎன்சைம் க்யூ10 மாத்திரைகள் தசை வலியைத் தணிக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லாததால் நாங்கள் பரிந்துரைக்கவில்லை.

நோயாளிகளுக்கும் குடும்பத்தினருக்கும்

வலி தொடங்கிய தேதியையும் இடத்தையும் எழுதி வையுங்கள். மருத்துவரிடம் போகும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பூண்டும் வெந்தயமும் உணவில் இருக்கட்டும். மாரடைப்பு வந்தவருக்கு அவை மாத்திரைக்கு ஈடாகாது. குழந்தைப்பேற்றுக்குத் திட்டமிடும் பெண்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

சிறுநீர் கறுந்தேநீர் நிறத்தில் போனாலோ, கடும் வலியுடன் எழுந்து நிற்க முடியாத பலவீனம் வந்தாலோ, கண் மஞ்சளித்தாலோ அடுத்த மாத்திரையை எடுக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மருத்துவரைக் கேட்காமலே நிறுத்த வேண்டிய தருணம் இது ஒன்றுதான். கூட்டு கேப்சூல் எடுப்பவர்கள் அதை அங்கே உடனே சொல்ல வேண்டும்.

அரசுக்கும் ஊடகங்களுக்கும்

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் களப்பணியாளர்கள் 2021 முதல் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகளை வீடு தேடிக் கொண்டுசேர்க்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குப் போகும்போது "கொழுப்பு மாத்திரையில் ஏதாவது தொந்தரவா?" என்ற ஒரு கேள்வியையும் கேட்கப் பயிற்சி தர வேண்டும். எசெட்டிமைப் அரசு மருத்துவமனைகளில் தட்டுப்பாடின்றிக் கிடைக்க வேண்டும்.

இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010 முதல் செயல்படுகிறது. பக்கவிளைவை நோயாளியே 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். இந்த எண்ணை மருந்துக்கடைகளில் தமிழில் எழுதி வைக்கக் கோருகிறோம்.

டென்மார்க்கில் 2016-இல் வெளியான ஆய்வு, ஸ்டாட்டினுக்கு எதிரான செய்திகள் வந்த காலங்களில் மாத்திரையைக் கைவிடுவோர் அதிகரித்ததையும், சீக்கிரமே கைவிட்டவர்களிடம் மாரடைப்பு மிகுந்திருந்ததையும் பதிவு செய்தது. பக்கவிளைவைப் பற்றி எழுத வேண்டாம் என்று நாங்கள் கேட்கவில்லை. எத்தனை பேரில் எத்தனை பேருக்கு என்ற எண்ணையும், நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் அதே செய்தியில் எழுதுங்கள் என்கிறோம். வாட்ஸ்அப்பில் பரவும் காணொளிகளுக்கும் இதுவே அளவுகோல்.

முடிவாக

இந்த அறிக்கைக்காக எந்த மருந்து நிறுவனத்திடமும் நாங்கள் நிதி பெறவில்லை. புதிய சான்றுகள் வரும்போது இதைத் திருத்துவோம். அதுவரை எங்கள் உறுப்பினர்களான மருத்துவர்கள், தசை வலி என்று வரும் ஒவ்வொரு நோயாளியின் சீட்டிலும் நிறுத்திய நாள், திரும்பத் தொடங்கிய நாள், மருந்தின் பெயர், அளவு ஆகிய நான்கையும் எழுதுவார்கள். மற்ற மருத்துவர்களும் இதைப் பின்பற்றினால், ஊர் மாறி, மருத்துவர் மாறிச் செல்லும் நோயாளி ஒவ்வொரு இடத்திலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.