கத்திரிக்கோலும் உரிமைப் பத்திரமும்

புத்தளம் மாவட்டக் கடற்கரையில் உள்ள தமிழ்க் கிராமம் உடப்பு. அங்குள்ள திரௌபதை அம்மன் ஆலயத்தில் ஆண்டுதோறும் விழா எடுத்துத் தீமிதிப்பார்கள். ஆனால், திரௌபதை தீயில் இறங்கிய கதை வியாச பாரதத்தில் இல்லை. அது அடியார்கள் சேர்த்த கதை. வியாசரைக் கெடுத்துவிட்டீர்கள் என்று அவர்கள்மீது யாரும் வழக்குத் தொடுத்ததில்லை. வில்லிபுத்தூரார் பாரதத்தைத் தமிழில் புதிதாகப் பாடியபோதும் வியாசருக்கு எக்குறையும் நேரவில்லை.

பிடித்த கதையைத் தன் விருப்பப்படி மாற்றிச் சொல்வது நம்மிடையே புதிதன்று. ஆயினும், ரசிகன் ஒருவன் தன் கணினியில் ஒரு திரைப்படத்தை மறுதொகுப்புச் செய்தால் மட்டும் அவனைத் திருடன் என்கிறோம். இதை நான் ஏற்கவில்லை. உண்மையான சிதைவு வேறிடத்தில் நடக்கிறது.

'ஸ்டார் வோர்ஸ்' வரிசையில் 1999 இல் வந்த படத்தை மைக் நிக்கல்ஸ் என்ற படத்தொகுப்பாளர் ஏறத்தாழ 18 நிமிடங்கள் குறைத்துச் சுற்றில் விட்டார். 2001 இல் அது பெரிதும் பேசப்பட்டது. மூலப்படத்துக்கு அதனால் நேர்ந்த சேதம் எதுவுமில்லை.

மறுபக்கத்தைப் பாருங்கள். பழைய படங்களை உரிமையாளர்கள் மாற்றுவதைக் கண்டித்து 1988 இல் அமெரிக்கக் காங்கிரஸில் சாட்சியம் அளித்தவர் ஜோர்ஜ் லூகாஸ். அவரே 1997 இல் தம் முதல் மூன்று 'ஸ்டார் வோர்ஸ்' படங்களிலும் காட்சிகளை மாற்றினார். அவற்றின் பழைய வடிவங்கள் நெடுங்காலம் நல்ல தரத்தில் கிடைக்காமற் போயின. அவற்றைத் துண்டு துண்டாகத் தேடி மீட்டமைத்தவர்கள் ரசிகர்களே.

நம்மவர் கதைக்கு வருவோம். 2013 இல் வெளியான 'ராஞ்சனா' என்ற இந்திப்படம் தமிழில் 'அம்பிகாபதி' ஆயிற்று. நாயகன் இறுதியில் இறந்துவிடுவான். 2025 ஓகஸ்ட் 1 அன்று அதன் தமிழ் வடிவம் மீண்டும் திரைக்கு வந்தபோது, செயற்கை நுண்ணறிவின் உபயத்தால் அவன் உயிர் பிழைத்து எழுந்தான். உரிமை கொண்ட ஈரோஸ் நிறுவனம் இதை மறைக்கவில்லை, விளம்பரமே செய்தது. இயக்குநர் ஆனந்த் எல். ராயும் நடிகர் தனுஷும் வெளிப்படையாக எதிர்த்தனர். பயன் என்ன? படம் ஓடியது.

ரசிகன் இருப்பதை வெட்டுகிறான், ஒட்டுகிறான். இங்கோ நடிகர் நடிக்காத நடிப்பை அவர் முகத்திலேயே உற்பத்தி செய்து, நுழைவுச்சீட்டுக்குக் காசும் வாங்கினார்கள். இரண்டில் எது அத்துமீறல்?

சட்டமோ தலைகீழாக நிற்கிறது. இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டம் திரைப்படத்தின் ஆசிரியர் எனத் தயாரிப்பாளரையே கொள்கிறது. இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், தன் பெயருக்கு ஊறு செய்யும் சிதைவை எதிர்க்கும் தார்மீக உரிமையைப் படைப்பாளிக்குத் தருகிறது. நல்லதுதான். ஆனால், திரைப்படத்தில் யார் படைப்பாளி? பணம் போட்டவரா, படம் எடுத்தவரா?

பத்திரிகை மேசையில் பிறர் எழுத்தைப் பல்லாண்டுகள் வெட்டியவன் நான். இடமில்லாவிட்டால் கடைசிப் பந்தியை எடுத்துவிடலாம். செத்தவனைப் பிழைத்ததாக எழுதிவிட்டு, அதன் கீழே நிருபரின் பெயரைப் போட எந்த ஆசிரியருக்கும் அதிகாரமில்லை. பத்திரிகையின் உரிமையாளருக்கும் இல்லை.

ரசிகர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று நான் வாதிடவில்லை. காசுக்கு விற்பவனும், மூலத்தின் பெயரை மறைப்பவனும், ஒரு சமூகத்தை இழிவுபடுத்தவே காட்சிகளைக் கோப்பவனும் என் ஆதரவுக்கு உரியவர்களல்லர். மூலம் இன்னதென்று சொல்லி, வெட்டியவன் தானே என்று ஒப்பி, காசு வாங்காமல் செய்பவனை விட்டுவிடுங்கள்.

கேள்வி கேட்கவேண்டியது உரிமைப் பத்திரம் வைத்திருப்பவரிடம். படச்சுருளை விலைக்கு வாங்கலாம். அதில் நடித்தவரின் முகத்தையும் இயக்கியவரின் பெயரையும் வைத்து இன்னொரு கதை சொல்லும் உரிமையை, அவர்களைக் கேளாமல், யாரும் யாருக்கும் விற்க முடியாதென்று சட்டம் எழுதப்படவேண்டும்.