ஹாண்டில்பாரில் தொங்கும் ஆபத்து

2001-ல் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு கோலார் தங்கவயல் தமிழர்களில் ஏராளமானோர் தினமும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள். உரிகம், மாரிக்குப்பம் ஸ்டேஷன்களுக்குச் சைக்கிளில் வருகிறவர்களைக் கவனித்தால், சாப்பாட்டுப் பை ஹாண்டில்பாரில்தான் தொங்குகிறது.

இது கூடாது. ஒரு பக்கம் தொங்கும் பாரம் ஹாண்டிலைத் தன் பக்கம் இழுக்கும். பை ஆடி முன்சக்கரக் கம்பியில் சிக்கினால் ஆள் தலைகுப்புற விழ வேண்டியதுதான். அன்றையக் கூலியும் போய், வைத்தியச் செலவும் வந்து சேரும்.

முன்கூடையில் டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டிலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கனமான சாமானுக்குப் பின் கேரியரே சரி. அது பின்சக்கர அச்சருகே இருபுறமும் நட்டு போட்டு முடுக்கியதாக இருக்கட்டும். சீட்டுத் தண்டை மட்டும் பிடித்து நிற்கும் கேரியர் அதிகப் பாரம் தாங்காது. பக்கவாட்டுப் பை வாங்குவோர், மிதிக்கும்போது குதிகால் இடிக்கிறதா என்று பார்த்து வாங்கவும். ஸ்டாண்டில் சைக்கிளை விட்டுப் போகிறவர்களுக்குக் கழற்றி எடுக்கும் பையே உத்தமம்.

இப்போது பகட்டான சைக்கிள்கள் பல, கேரியர் இல்லாமலே விற்பனைக்கு வருகின்றன. உழைப்பாளி சைக்கிள் வாங்குவது உல்லாசச் சவாரிக்கு அல்ல. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. வரிக்கு முந்திய விலை 6,000 ரூபாய் என்றால் 420 ரூபாய் மிச்சம். அந்தப் பணத்தை அலங்காரத்துக்குச் செலவிடாதீர்கள். கேரியரை மாட்டிய பிறகே வண்டியைக் கடையிலிருந்து எடுங்கள்.