அண்டை வீட்டுச் சமையல்

பெங்களூரு லிங்கராஜபுரத்திலும் அதையடுத்த கம்மனஹள்ளியிலும் நாகாலாந்து, மணிப்பூர் மக்கள் பலர் வாழ்கின்றனர். நாகர் சமையலில் மூங்கில் குருத்துக்கும், சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் அகுனிக்கும் தனியிடம் உண்டு. ஜப்பானியர் விரும்பியுண்ணும் நாட்டோவும் இவ்வகையினதே. அகுனியின் வாடையைக் காரணம் காட்டி வாடகைக்கு வீடு தர மறுப்போர் நம் நகரங்களில் உளர். கருவாட்டுக் குழம்பின் மணம் அறிந்த நாம் முகம் சுளிப்பது முறையாகுமா?

2012 ஆகஸ்டில் பரவிய வதந்திக்கு அஞ்சி, வடகிழக்கு மாநிலத்தவர் ஆயிரக்கணக்கில் பெங்களூருவிலிருந்து ரயிலேறினர். அச்சத்தை ஆற்றும் அளவுக்கு அண்டை வீட்டாரின் நட்பு வாய்த்திருந்தால், அவர்களில் பலர் தங்கியிருப்பர் என்றே எண்ணுகிறேன்.

அடுத்த விடுமுறை நாளில் அவர்களது சிற்றுணவகம் ஒன்றில் குடும்பத்துடன் அமர்ந்து உண்போம். பரிமாறுபவரின் பெயரையும் ஊரையும் கேட்டறிவோம். அறிமுகமான முகத்தின்மீது வதந்தி எளிதில் ஒட்டுவதில்லை.