நிற்கத் தெரிகிறதா?



2019 ஜூலை 15 அதிகாலை. ஸ்ரீஹரிகோட்டாவில் சந்திரயான் 2 புறப்பட ஏறத்தாழ 56 நிமிடங்களே இருந்தபோது கவுண்ட்டவுன் நிறுத்தப்பட்டது. ராக்கெட்டில் கோளாறு தெரிந்தது. தேசமே விழித்திருந்தது, ஆயினும் நிறுத்தினார்கள். ஒரு வாரம் கழித்து, 22ஆம் தேதி, அது நலமாய் வானமேறிற்று. அந்த ராக்கெட்டை உருவாக்கியதில் நம் திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்துக்குப் பெரும் பங்குண்டு.

நமக்கோ நிற்கத் தெரியவில்லை. டெக்னோபார்க்கில் இரவு வேலை முடித்து, உறங்காமலே உபவாச ஜெபத்துக்கு ஓடிவரும் வாலிபப் பிள்ளைகளைக் காண்கிறேன். இதைப் பக்தி வைராக்கியம் என்று பிரசங்க பீடத்திலிருந்து புகழ்ந்தவனும் நானே.

எலியா சூரைச்செடியின்கீழ் சோர்ந்து படுத்தபோது, தேவதூதன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடியும் உறங்கவிட்டான், எழுப்பி மீண்டும் போஜனம் கொடுத்தான். ஓரேபுக்கு நாற்பது நாள் நடை அதற்குப் பின்புதான்.

எங்கள் சபையில் செவ்வாய்க்கிழமை வீட்டுக் கூட்டத்தை நிறுத்தியிருக்கிறோம். அன்று மாலை பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். அவசரமில்லையென்றால் போதகரையும் தொலைபேசியில் அழைக்க வேண்டாம். அவர் வீட்டிலும் காத்திருக்கிறார்கள்.