ஊர் தெரியாத உதவியாளன்

சில மாதங்களுக்கு முன்னர் இளம் செய்தியாளர் ஒருவர், தாம் எழுதிய கட்டுரையொன்றைப் பார்த்துத் தருமாறு என்னிடம் கொண்டுவந்தார். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்தைப் பற்றியது அது. தாய்மார் பலரை நேரிற் சந்தித்து, அவர்கள் சொன்னவற்றைக் கைபேசியில் ஒலிப்பதிவு செய்திருந்தார். கட்டுரையில் உழைப்புத் தெரிந்தது. ஆயினும் ஒரு வரி என்னை மேலே செல்லவிடவில்லை.

"அன்றைக்குப் பிறகு என் பிள்ளையைக் காண இயலவில்லை" என்று ஒரு தாய் கூறியதாக எழுதப்பட்டிருந்தது.

எங்கள் பக்கத்துத் தாய் எவரும் இப்படிக் கதைப்பதில்லை. "தம்பி, அந்த அம்மா சொன்னதைத் திரும்பப் போட்டுக் கேட்டனீரோ?" என்று வினவினேன்.

"இல்லை ஐயா. செயற்கை நுண்ணறிவுச் செயலிதான் எழுதித் தந்தது. வாசிக்கச் சரியாத்தான் கிடந்தது" என்றார்.

இருவருமாக ஒலிப்பதிவைக் கேட்டோம். அந்தத் தாய் சொன்னது இதுதான்: "அண்டைக்குப் பிறகு என்ரை பிள்ளையைக் காணேல்லை."

'காணேல்லை' என்றால் 'காணவில்லை'. எங்கள் பேச்சில் 'ஏலாது' என்றொரு சொல்லும் உண்டு. அதன் பொருள் 'இயலாது' என்பது. இரண்டின் ஒலியையும் குழப்பிக்கொண்டு, இலக்கண சுத்தமான ஒரு வாக்கியத்தை இயந்திரம் ஆக்கித் தந்துவிட்டது. விளைவு என்ன? பிள்ளை எங்கோ இருக்கிறான், தாய்க்குத்தான் போய்ப் பார்க்க வாய்க்கவில்லை என்று பொருளாயிற்று. ஒரு சொல் மாறியதில் ஒரு குற்றமே மறைந்துபோயிற்று.

இவ்வளவும் படித்தவர்கள், இந்தக் கருவிகளைத் தூக்கி எறியச் சொல்லப் போகிறேன் என்று எண்ணக்கூடும். அப்படிச் சொல்ல நான் ஆயத்தமில்லை. அந்த இளைஞரிடம் ஆறு மணிநேர ஒலிப்பதிவு இருந்தது. முன்னைய காலமாயின் அதை எழுத்தாக்கவே மூன்று இரவுகள் போயிருக்கும். இப்போது ஒரு காலைப்பொழுதில் முடிந்திருக்கிறது. மிஞ்சிய நேரத்தில் அவர் மேலும் இரண்டு தாய்மாரைத் தேடிச் சென்றிருக்கிறார். இதைச் சோம்பல் என்று என்னால் ஏசமுடியவில்லை.

கருவிகளைக் கண்டு ஒதுங்கிய பழக்கம் யாழ்ப்பாணத்துப் பத்திரிகைத் துறைக்கு என்றும் இருந்ததில்லை. 1841இல் 'உதயதாரகை' வெளிவந்த மண் இது. 1959இல் 'ஈழநாடு' தொடங்கிற்று; 1981 ஜூனில், யாழ். பொது நூலகம் எரிந்த அந்த நாட்களிலேயே அதன் பணிமனையும் எரிக்கப்பட்டது. பத்திரிகை மறுபடியும் வந்தது. தொண்ணூறுகளில் மின்சாரமில்லை, பொருளாதாரத் தடையால் அச்சுத்தாளுமில்லை. மண்ணெண்ணெயில் மின்பிறப்பாக்கியை ஓட்டினோம். கோடு போட்ட பாடசாலைக் கொப்பித் தாளில்கூடப் பத்திரிகை அச்சாயிற்று. கிடைத்ததைக் கொண்டு வேலையை முடிப்பது எங்களுக்குப் புதிதன்று.

இன்றைய கருவிகளால் எங்களுக்குக் கிட்டக்கூடிய மிகப்பெரிய நன்மை, என் பார்வையில், கட்டுரை எழுதித் தருவதில் இல்லை. அது வாசித்துத் தருவதில் இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆயினும் தனிச் சிங்களத்தில் வரும் சுற்றறிக்கையும் கடிதமும் இன்னமும் எங்கள் மேசைகளுக்கு வருகின்றன. சிங்களம் அறிந்த ஒருவரைத் தேடிப்பிடித்துக் கேட்பதற்குள் செய்தி பழசாகிவிடும். இப்போது கைபேசியில் படமெடுத்துக் கொடுத்தால் சில விநாடிகளில் பொருள் விளங்குமளவுக்குத் தமிழ் கிடைக்கிறது.

இது எவ்வளவு பெரிய விடயம் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 2025 மார்ச் 28ஆம் திகதி, யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணி தொடர்பான வர்த்தமானி அறிவித்தல் வெளியாயிற்று. மூன்று மாதங்களுக்குள் உரிமை கோரப்படாத காணி அரச காணியாகிவிடும் என்பது அதன் சாரம். காணிக்குச் சொந்தக்காரர்களிற் பலர் போரில் உறுதிகளைத் தொலைத்தவர்கள். பலர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருப்பவர்கள். கடும் எதிர்ப்பு எழுந்தது. அறிவித்தலை மீளப்பெறுவதாக அரசாங்கம் கூறியது. உயர் நீதிமன்றமும் ஜூன் மாதத்தில் அதனை இடைநிறுத்தி இடைக்காலத் தடை விதித்தது. ஆனால், இத்தகைய அறிவித்தல் வந்த அன்றே அதைப் படித்து, 'இதில் உங்கள் காணி இருக்கிறதா பாருங்கள்' என்று மக்களுக்குச் சொல்வதே பத்திரிகைக்காரனின் முதற்கடமை. சட்ட மொழியில் எழுதப்பட்ட நீண்ட ஆவணங்களை விரைந்து பிரித்தறிய உதவும் ஒரு கருவியை, அது அந்நியமானது என்பதற்காக ஒதுக்குவது பேதைமை.

ஆனால் அந்த உதவியாளனுக்கு எங்கள் ஊர் தெரியாது. அவன் கற்ற தமிழ் பெரும்பாலும் தமிழ்நாட்டில் எழுதப்பட்ட தமிழ். எங்கள் பாடசாலை அதிபரை அவன் தலைமையாசிரியர் ஆக்குவான். சட்டத்தரணி வழக்கறிஞர் ஆவார். வர்த்தமானி அரசிதழ் ஆகும். ஜனாதிபதி குடியரசுத் தலைவர் ஆவார். பிரதேச சபையை ஊராட்சி என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பான். ஆங்கில அறிக்கையொன்றை மொழிபெயர்க்கக் கொடுத்தபோது பருத்தித்துறை 'பாயிண்ட் பெட்ரோ' என்றும், ஊர்காவற்றுறை 'கெய்ட்ஸ்' என்றும், நெடுந்தீவு 'டெல்ஃப்ட்' என்றும் எனக்குத் திரும்பி வந்தன. ஆனையிறவு 'யானைக் கணவாய்' ஆகியிருந்தது. சிரித்தேன். பிறகு, இவ்வூர்களைக் கண்ணால் காணாத இளையவர் ஒருவர் இதை அப்படியே பிரசுரித்தால் என்னாகும் என்று நினைத்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

தமிழ்நாட்டு வழக்கின்மீது எனக்கு எந்தக் குறையுமில்லை. அவர்கள் சொற்கள் அவர்களுக்கு அழகு. என் கவலை வேறு. இன்று நாம் இணையத்தில் இடும் எழுத்தையே நாளைய இயந்திரம் படித்துக் கற்கிறது. திருத்தாமல் நாம் பிரசுரிக்கும் ஒவ்வொரு பிழையும் அதற்குப் பாடமாகிறது. பின்னர் எங்கள் பிள்ளைகளுக்கு அதுவே ஆசான். கருவியை வெறுத்து எழுதாமல் இருந்தாலும் இதே கதிதான். நாம் எழுதாத தமிழை அது எங்கிருந்து கற்கும்? 2005 முதல் 'நூலகம்' நிறுவனம் எங்கள் பழைய நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவாக்கி வருவதன் பெறுமதி இப்போதுதான் முழுமையாக விளங்குகிறது.

நான் தொழிலுக்கு வந்தபோது ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்தே பக்கம் அமைத்தார்கள். மரண அறிவித்தலில் ஊரும் உறவும் பொருந்தாவிட்டால், கோப்பதை நிறுத்திவிட்டு வந்து கேட்கும் அச்சுக்கோப்பாளர் ஒருவர் எங்களிடம் இருந்தார். கணினி வந்தது, அவர் வீட்டுக்குப் போனார். வேகம் கூடிற்று; அவருடைய கண்ணுக்கு மாற்றாக எதையும் நாம் வைக்கவில்லை. பிழைகள் மலிந்த பின்னரே அதை உணர்ந்தோம். இம்முறையும் அதே தவறைச் செய்தல் ஆகாது. இயந்திரம் மிச்சப்படுத்தும் நேரத்தில் ஒரு பகுதியையேனும் ஒப்புநோக்குவதற்குத் திருப்பிக் கொடுக்கவேண்டும். ஆட்களைக் குறைப்பதற்கு இதைச் சாட்டாகக் கொள்ளும் நிர்வாகங்களுக்கும் இதையே சொல்வேன்.

அந்த இளைஞருக்கு நான் சொன்ன அறிவுரை சுருக்கமானது. மேற்கோள்குறிக்குள் வரும் எதையும் உமது காதால் கேளும். பெயர், ஊர், திகதி, எண் ஆகியவற்றை மூலத்தோடு ஒப்பிடும். சாட்சி சொன்னவரின் பெயரும் குரலும் அடங்கிய பதிவை, அது எங்கே போய்ச் சேமிக்கப்படும் என்று தெரியாத செயலிக்குக் கொடாதேயும். எங்கள் நாட்டில் அது ஓர் உயிரின் பாதுகாப்புப் பற்றிய விடயம். மற்ற வேலைகளை அதனிடம் தாராளமாக விடும்.

அவர் கட்டுரையைத் திருத்தினார். "காண இயலவில்லை" என்பதை அழித்து "காணவில்லை" என்று எழுதப்போனார். "வேண்டாம் தம்பி, அம்மா சொன்னபடியே போடும்" என்றேன்.

'காணேல்லை' என்றே அச்சாயிற்று. நாளைக்கு அதை ஓர் இயந்திரமும் படிக்கும். படிக்கட்டும்.