அழுத்தும்போதா, விடும்போதா?

கோப்பு மேலாளரைத் திரையில் அகலமாக விரித்து, அதன் பாதியை மறைத்தபடி மின்னஞ்சல் சாளரத்தைத் திறந்து வையுங்கள். அடியில் எட்டிப்பார்க்கும் படம் ஒன்றைப் பிடித்து, மேலே எழுதிக்கொண்டிருக்கும் மடலில் போட வேண்டும். இயல்பு அமைப்பில் விட்ட லினக்ஸ் மேசைகள் பலவற்றில், பொத்தானை அழுத்திய நொடியே கோப்பு மேலாளர் எழும்பி மடலை மூடிவிடும். படம் கையில் இருக்கும், போட இடம் இருக்காது.

நிஜ மேசையில் புத்தகத்துக்கு அடியில் கிடக்கும் தாளின் ஓரத்தில் ஒரு எண்ணைக் குறித்துக்கொள்ள நாம் தாளை உருவி மேலே போடுவதில்லை. திரையிலோ, விண்டோஸின் 1985ஆம் ஆண்டுப் பதிப்பில் சாளரங்கள் ஓடு பரப்பியதுபோல் பக்கம் பக்கமாகவே நின்றன. 1987இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. ஏறக் கற்றுக்கொடுத்த நம் துறை, எப்போது ஏற வேண்டும் என்பதை இன்னும் சரியாகச் சொல்லித்தரவில்லை.

ஒரே அழுத்தத்தில் நாம் நான்கு முடிவுகளைக் கட்டிவைத்திருக்கிறோம். விசைப்பலகை யாருக்கு? மேலே யார்? சொடுக்கு உள்ளே போகட்டுமா? இது இழுவையின் தொடக்கமா? முதல் மூன்றைப் பிரித்துப் பார்த்தவர்கள் உண்டு. விண்டோஸில் செயலற்ற சாளரத்தில் சுட்டி அழுந்தினால், அமைப்பு அந்தச் சாளரத்தையே கேட்கும். செயலாக்கு, செயலாக்கிச் சொடுக்கை விழுங்கு என்பன உட்பட நான்கு விடைகள். (விழுங்கச் சொல்லும் மாறிலியின் பெயரிலேயே ‘ஈட்’ (eat) என்று இருப்பதை எழுதியவரின் குறும்பு என்றே நினைக்கிறேன்.) லினக்ஸில் கேவின் என்னும் சாளர மேலாளரின் அமைப்புப் பட்டியலிலும் செயலாக்குவது, உயர்த்துவது, சொடுக்கைக் கடத்துவது ஆகியவை தனித்தனிச் சேர்க்கைகளாகவே கிடைக்கின்றன. மேக்கில் முதல் சொடுக்கு பொதுவாக விழுங்கப்படும், ஆனால் பின்னாலிருக்கும் சாளரத்தின் மூடு பொத்தான் போன்ற சில உடனே வேலை செய்யும். எந்தப் பொத்தான் கேட்கும், எது கேட்காது என்று பயனர் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது.

விழுங்குவதற்கும் நியாயம் உண்டு. எழுதும் சாளரத்தில் ஒரு பத்தியைத் தெரிவுசெய்துவிட்டு, வேறெங்கோ ஒரு சொல்லைச் சரிபார்த்துத் திரும்புகிறோம். திரும்பும் சொடுக்கு உள்ளே போனால் தெரிவு போச்சு. இதில் நானும் பலமுறை ஏமாந்திருக்கிறேன். ஆனாலும் கண்ணுக்குத் தெரிகிற பொத்தானைக் குறிவைத்து அழுத்தியவரை இன்னொரு முறை அழுத்தச் சொல்வது அதைவிடப் பெரிய குற்றம். சாளரத்தைத் தூக்கத்தான் தலைப்புப் பட்டை இருக்கிறது, அல்லது இருந்தது. இப்போது தாவல்களையும் தேடல் பெட்டியையும் அதிலேயே திணித்துவிட்டு, பிடிக்க ஒரு விரல் இடம்கூட விடாமல் வைத்திருக்கிறோம்.

ஆனால் நான் கேட்பது நான்காவது முடிவைப் பற்றி. இது இழுவையா என்று தெரியும் முன்பே, உயர்த்துவதை ஏன் அழுத்தும் கணத்திலேயே செய்கிறோம்? லினக்ஸின் பழைய எக்ஸ் சாளர அமைப்பின் காலத்தில் இதற்குக் காரணம் இருந்தது. செயலற்ற சாளரங்களின் மேல் விழும் பொத்தானைச் சாளர மேலாளர் முன்கூட்டியே ‘கிராப்’ செய்துவைக்கும். அழுத்தம் வந்ததும் நிகழ்வு உறைந்து நிற்கும். அதைச் செயலிக்கு ‘ரீப்ளே’ செய்தால் கிராப் கழன்றுவிடும். அதன்பின் பொத்தானை விட்டது மேலாளருக்குத் தெரியவே வராது. கையிலிருந்த ஒரே கணத்தில் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டியிருந்தது.

எக்ஸுக்குப் பின்வந்த வேலண்டில் அந்தச் சாக்கு இல்லை. அழுத்தமும் விடுப்பும், சாளரங்களைத் திரையில் அடுக்கும் நிரலான காம்போசிட்டர் வழியாகவே போகின்றன. செயலி இழுவையைத் தொடங்க வேண்டுமானால் காம்போசிட்டரிடம்தான் கோர வேண்டும். ஆகவே அழுத்தும்போது ஃபோகஸ் கொடுத்துச் சொடுக்கைக் கடத்தலாம். இடையில் இழுவைக் கோரிக்கை வந்தால் உயர்த்தலைக் கைவிடலாம், வராவிட்டால் விடும்போது உயர்த்தலாம். மேக்கின் கோகோ நிரலாக்கச் சட்டகத்தில் சாளரத்தை உயர்த்துவதைத் தாமதப்படுத்த ஒவ்வொரு வியூவுக்கும் வழி பல்லாண்டாக உண்டு. நாம் அதைச் செயலியின் தலையில் கட்டாமல் ஒரே இடத்தில் செய்துவிடலாம்.

பொத்தானை அழுத்திப் பிடித்தே உரையைத் தெரிவுசெய்பவருக்குச் சாளரம் சற்றுத் தாமதித்து எழும். அது மந்தமாகத் தோன்றும் என்பது ஒரு மறுப்பு. இருக்கலாம். தெரிவுசெய்யும் இழுவையைக் காம்போசிட்டர் அறியாது, எனவே அங்கே ஒரு சிறு கால வரம்பு தேவைப்படலாம். அதன் அளவு எவ்வளவு என்று பயனர்களை உட்காரவைத்துச் சோதித்தவர்கள் எங்களுக்கு எழுதுங்கள்.